இடைவழியிற் பாடம் மாற்றலாமா?

விழாக் காலத்திலே கல்லூரியின் பழம்பெருமையை எடுத்துரைத்தல் மரபு. அப்பணியினை என்னினும் மூத்தோரும் வல்லோரும் இம்மலரின் ஏனைய பக்கங்களிலே செவ்வனே செய்திருப்பர். யான் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. ஆயினும், அஃது ஆண்டுதோறும் நம் ஆசிரியர் அறையின் வாயிலிலே வந்து நிற்பது.

க. பொ. த. சாதாரண தரப் பரீட்சையிலே நன்கு சித்தியெய்திய மாணாக்கன் ஒருவன், பெருமிதத்தோடு பன்னிரண்டாம் வகுப்பிலே புகுகின்றான். ஒரு தவணையோ இரு தவணையோ கழிகின்றன. தவணைப் பரீட்சையின் புள்ளிகள் வருகின்றன. அதன் பின் ஒருநாள் அவன் நம் அறை வாயிலிலே தயங்கி நின்று, "ஐயா, இந்தப் பாடத்தை விட்டுவிடலாமோ என்று யோசிக்கிறேன்" என்கின்றான்.

இவ்வினாவுக்கு நம்மவரிடையே இரண்டு விடைகள் எப்பொழுதும் ஆயத்தமாய் உள்ளன. "தொடங்கியதை விடாதே" என்பது ஒன்று. "இயலாததைப் பிடித்துக்கொண்டு நில்லாதே" என்பது மற்றொன்று. இரண்டும் நல்ல மொழிகளே. ஆனால், நோய் இன்னதென்று பாராது கொடுக்கும் மருந்து எத்துணைச் சிறந்ததாயினும் மருந்தாகாது. இவ்விரு விடைகளையும் ஆராயாது கொடுத்து, இருமுறை பிழைத்தவன் யான். அப்பிழைகளை முதலிற் கூறி, அவற்றினின்றும் யான் கற்றதனைப் பின்னர்க் கூறுவேன்.

1. இரு பிழைகள்

2011 ஆம் ஆண்டிலே, உயிரியற் பிரிவிலே பயின்ற மாணவன் ஒருவன் இரண்டாந் தவணை முடிவிலே என்னிடம் வந்தான். தமிழ்த்தினப் போட்டியிலே கட்டுரைக்குப் பரிசு பெற்றவன். இனிய நடை வாய்ந்தவன். பௌதிகவியலிலே அவன் பெற்ற புள்ளி 19. "ஐயா, பௌதிகவியல் எனக்குச் சரிவராது. கலைப்பிரிவுக்கு வரட்டோ?" என்று கேட்டான். எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைப்பதிற் பயனில்லை. நல்ல மாணாக்கன் ஒருவன் தமிழுக்குக் கிடைக்கின்றான் என்று எண்ணினேன். "வா தம்பி" என்றேன். அடுத்த கிழமையே தமிழும் இந்து நாகரிகமும் புவியியலும் அவன் பாடங்களாயின.

எட்டு மாதங்கள் கழித்து அவன் மூக்குக்கண்ணாடியோடு வகுப்புக்கு வந்தான். கிட்டப்பார்வைக் குறைபாடு, நெடுநாளாகவே இருந்திருக்கின்றது. உயரமானவன் ஆதலாற் கடைசி வரிசையிலே இருந்தவன். இரசாயனவியல் ஆசிரியர் குறிப்புக்களை வாயாற் சொல்லி எழுதுவிப்பவர். அப்பாடத்திலே அவன் புள்ளி குறையவில்லை. பௌதிகவியற் கணக்குக்களோ கரும்பலகையிலே செய்து காட்டப்படுவன. அவன் அவற்றைக் கண்டதேயில்லை! கண்டதுபோலப் பாவனை செய்து, அருகிலிருந்தவனின் கொப்பியைப் பார்த்து எழுதி வந்தான். கலைப்பிரிவிலே அவன் நன்றாகவே சித்தியெய்தினான். இன்று மதிப்பான உத்தியோகத்தில் உள்ளான். ஆயினும், சில ஆண்டுகளுக்கு முன் என்னைக் கண்டபோது, "ஐயா, அன்றைக்கு நீங்கள் என்னைக் கண் டொக்டரிட்டை அல்லவோ அனுப்பியிருக்க வேணும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அச்சிரிப்பு என் நெஞ்சை விட்டு நீங்கவில்லை.

இரண்டாவது பிழை இதற்கு நேர்மாறானது. 2014 ஆம் ஆண்டிலே கணிதப் பிரிவு மாணவன் ஒருவன் வணிகப் பிரிவுக்கு மாற விரும்பினான். அவன் தந்தையார் என்னைத் தேடி வந்து, "மாஸ்டர், நீங்கள்தான் பொடியனுக்குப் புத்தி சொல்லவேணும். எங்கள் குடும்பத்திலே ஒரு எஞ்சினியர் வரவேணும்" என்றார். முதற் பிழையினால் அஞ்சியிருந்த யான், இம்முறை இறுக்கமாக நின்றேன். முயற்சியின் பெருமையைக் குறித்து அம்மாணவனுக்கு ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். அவன் மறுத்துப் பேசாத இயல்பினன், பணிந்து போனான். இணைந்த கணிதத்திலே முதன்முறை தவறினான். மறுமுறையும் தவறினான். பின்னர், எவரையுங் கேளாது கணக்கீட்டுத் தொழிற்பரீட்சைகளுக்குப் படித்து முன்னேறினான். அவன் சிறுவயது முதலே தன் மாமனாரின் கடைக் கணக்கை எழுதி வந்தவன் என்பதும், அதிலே அவனுக்குத் தனி இன்பம் இருந்தது என்பதும் எனக்குப் பின்னரே தெரியவந்தன. யான் கேட்டிருந்தாற் சொல்லியிருப்பான். யான் கேட்கவில்லை, பேசினேன்.

முதல்வனை விடச் செய்தது பிழை. மற்றவனை விடாமற் செய்ததும் பிழை. ஆகவே, விடுதலிலோ விடாமையிலோ குற்றமும் குணமும் இல்லை என்பது பெறப்படும். காரணம் அறியாது முடிவு செய்தலே குற்றம்.

இனி, காரணம் அறியுமாறு எங்ஙனம்? திருவள்ளுவர் பொருட்பாலிலே 47 ஆம் அதிகாரம் முதலாகத் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கினையும் நிரல்பட வைத்துள்ளார். அவை அரசனை நோக்கிக் கூறப்பட்டவை. ஆயினும், மூன்று பாடங்களோடு இரண்டாண்டு பொருதுகின்ற மாணாக்கனுக்கும் அந்நான்கும் அந்நிரலிலேயே பொருந்துகின்றன. அத்தலைப்புக்களையே இப்பாடத்துக்கு உறுப்புக்களாகக் கொள்கின்றேன்.

2. தெரிந்துசெயல்வகை

முதற்கண், மாற்றத்தினால் வருவதும் கழிவதும் இவையென்று கணக்கிடல் வேண்டும். இதற்குப் பரீட்சையின் இயல்பை அறிதல் இன்றியமையாதது.

உயர்தரத்திலே முதன்மைப் பாடங்கள் மூன்று. பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்றிலும் குறைந்தது சாதாரண சித்தியேனும் பெறல் வேண்டும். 2001 ஆம் ஆண்டு முதலாக அனுமதி, வெறும் புள்ளிகளின் கூட்டுத்தொகையைக் கொண்டன்றி, இஸட் புள்ளியைக் கொண்டு தீர்மானிக்கப்படுகின்றது. இதன் பொருளைப் பெற்றோர் பலர் இன்னும் அறியார். ஆகலின் ஓர் எடுத்துக்காட்டாற் கூறுவேன்.

ஒரு பாடத்திலே பரீட்சார்த்திகள் பெற்ற புள்ளிகளின் இடை 60, நியம விலகல் 12 என்று கொள்வோம். அதிலே 66 பெற்றவன், இடையைவிட 6 புள்ளி மேலே நிற்கின்றான். 6 ஐ 12 ஆல் வகுக்க வருவது 0.5. அதுவே அப்பாடத்தில் அவன் இஸட் புள்ளி. மற்றொரு பாடத்திலே இடை 40, நியம விலகல் 16 எனின், அதிலே 56 பெற்றவனுக்கு இஸட் புள்ளி 1. இவ்வெண்கள் விளக்கத்தின் பொருட்டு யான் புனைந்தவை, முறை உண்மையானது. 56 பெற்றவன் 66 பெற்றவனிலும் மேம்பட்டு நிற்றலைக் காண்க. இங்ஙனம் மூன்று பாடங்களுக்கும் கண்டு, அவற்றின் சராசரியை எடுப்பர்.

இதனால் அறியத்தக்கன இரண்டு. ஒன்று, "இலகுவான பாடம்" என்பதொன்றில்லை. எல்லாரும் எளிதாகப் புள்ளி பெறும் பாடத்திலே இடையும் உயர்ந்து நிற்கும். அவ்விடையைத் தாண்டி மேலெழுதல் அங்கும் அரிதே. ஆகவே, "அங்கே போனாற் புள்ளி வருமாம்" என்னும் செவிவழிச் செய்தியை நம்பிப் பாடம் மாற்றுவோன் ஏமாறுவான். மற்றொன்று, ஒரு பாடத்தின் பெருஞ்சிறப்பு மற்றொரு பாடத்தின் வீழ்ச்சியை ஓரளவே தாங்கும். மூன்றில் ஒன்று சித்தியெய்தாதாயின், ஏனைய இரண்டின் சிறப்பும் அனுமதிக்கு உதவாது.

கணித மேதை இராமானுசனின் வரலாறு ஈண்டு நினைவுக்கு வருகின்றது. 1904 ஆம் ஆண்டிலே உதவிப்பணம் பெற்றுக் கும்பகோணம் அரசினர் கல்லூரியிலே புகுந்த அவர், கணிதத்திலே மூழ்கி ஏனைய பாடங்களைக் கைவிட்டமையால் அவ்வுதவிப்பணத்தை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலே பயின்றும் எப். ஏ. பரீட்சையிலே அவர் சித்தியெய்தவில்லை. 1913 ஆம் ஆண்டிலே அவர் எழுதிய கடிதத்தைக் கண்டு, அவரை அடையாளங் கண்டுகொள்ளக் கேம்பிரிட்ஜிலே ஹார்டி என்னும் கணித அறிஞர் ஒருவர் இருந்தார். 1918 ஆம் ஆண்டிலே அவர் அரச கழகத்தின் உறுப்பினரானதை யாவரும் அறிவர். மேதைக்கே பரீட்சை இடங்கொடுக்கவில்லை. நமக்கோ, கடிதம் எழுதினால் அழைத்துக்கொள்ளும் ஹார்டி எங்கிருக்கின்றார் என்பது தெரியாது. விருப்பமான ஒரு பாடத்தையே பற்றிக்கொண்டு மற்றை இரண்டையும் கைநெகிழ விடும் மாணாக்கர் இதனைச் சிந்திப்பாராக.

அடுத்து, மாற்றத்தினால் எவ்வாயில் அடைபடும், எவ்வாயில் திறந்திருக்கும் என்று பார்த்தல் வேண்டும். மருத்துவ பீடத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். பௌதிகவியலை விட்டு விவசாய விஞ்ஞானத்தை எடுத்தவன், உயிரியலிலே எத்துணை வல்லவனாயினும், அவ்வாயிலை அடைத்துக்கொண்டவனே ஆவான். பொறியியலுக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் வேண்டும். இரசாயனவியலுக்கு மாறாகத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை எடுத்தவனுக்குப் பொறியியல் வாயில் அடைபடும். கணினி விஞ்ஞானம் முதலியன திறந்திருக்கும். அடைபடுதல் தீதன்று, அடைபட்டதை அறியாதிருத்தலே தீது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைந்நூலிலே ஒவ்வொரு கற்கைநெறிக்கும் வேண்டிய பாடங்கள் தெளிவாகக் குறிக்கப்பட்டுள்ளன. அதனைப் படிக்காது பாடம் மாற்ற எண்ணும் மாணாக்கனுக்கு யான் இப்பொழுது விடை கூறுவதில்லை, நூலகத்துக்கு அனுப்பிவிடுகின்றேன்.

3. வலியறிதல்

இரண்டாவதாகப் பாடத்தின் வலியையும், தன் வலியையும், துணைவர் வலியையும் சீர்தூக்க வேண்டும்.

குறைந்த புள்ளி என்பது ஓர் அறிகுறி, நோயன்று. காய்ச்சலுக்குப் பல காரணங்கள் இருத்தல்போல, அதற்கும் பல காரணங்கள் உள. சக ஆசிரியர்களோடு இதனைப் பலகாலும் உசாவியுள்ளேன். பௌதிகவியலிலே இயக்கவியல் விளங்கவில்லை என்பவனின் குறை, பெரும்பாலும் பௌதிகவியலில் இல்லை. சாதாரண தரத்திலே கற்ற அட்சரகணிதத்திலும் திரிகோணகணிதத்திலும் உள்ளது. இரசாயனவியற் கணக்குக்கள் யாவும் பிழைக்கின்றன என்பவன், தொடக்கத்திலே மூல் என்னும் எண்ணக்கருவைத் தெளியாது கடந்து வந்தவன். கணக்கீட்டிலே இறுதிக் கணக்குக்கள் சமப்படவில்லை என்பவனுக்கு இரட்டைப் பதிவின் அடிப்படை நிலைபெறவில்லை. இத்தகைய குறைகளுக்கு மருந்து பாடம் மாற்றுதலன்று. ஒரு மாதம் பின்னோக்கிச் சென்று அடியினின்றும் கட்டுதல்.

நோயினாற் பல நாள் வராது நின்றவன், வீட்டிலே துயரம் நேர்ந்தவன், கடைசி வரிசையிலே பார்வை குன்றி இருந்தவன், இரவு வரை தனியார் கல்வி நிலையங்களுக்கு ஓடி உறக்கமின்றிக் காலையில் வகுப்பிலே சோர்பவன் ஆகிய இவர்தம் புள்ளிகளும் குறையும். இவர்கள் எப்பாடத்துக்கு மாறினாலும், அக்குறை அவர்களோடு கூடவே செல்லும்.

ஆகவே, மாறுமுன் ஒரு சோதனை வேண்டும். யான் மாணாக்கருக்கு விதிப்பது இதுவே: மூன்று கிழமை, நாள்தோறும் ஒரு மணி நேரம், வேண்டாமென எண்ணும் அப்பாடத்தின் ஓர் அலகை மட்டும் அடியிலிருந்து படித்தல். ஐயங்களை அவ்வப்பொழுதே பாட ஆசிரியரிடங் கேட்டல். மூன்றாங் கிழமை முடிவிலே, அவ்வலகிற்குரிய கடந்தகால வினாக்களைப் பிறர் துணையின்றி நேரம் வைத்து எழுதல். புள்ளி ஏறுமாயின், குறை பாடத்திலும் இல்லை, மதியிலும் இல்லை, பயிற்சியிலே உள்ளது. நேர்மையாக உழைத்தும் ஏறவில்லையாயின், அல்லது புள்ளி ஏறியும் நூலைத் திறக்குந்தோறும் மனம் கசந்து நிற்குமாயின், மாற்றத்தைப் பற்றிச் சிந்தித்தல் தகும். தோற்றவன் என்னும் வெட்கத்தோடன்றி, சோதித்து அறிந்தவன் என்னும் தெளிவோடு அவன் வெளியேறுவான்.

இதனோடு மற்றொன்றும் கூறவேண்டும். புகவிருக்கும் பாடத்தின் வலியையும் அளத்தல் வேண்டும். தமிழ் கற்பிப்பவன் ஆதலால் இதனை உரிமையோடு கூறுகின்றேன். தமிழை ஓர் இளைப்பாறு மடமாக எண்ணி வருவோர் பலர். வீட்டிலே பேசும் மொழிதானே என்பது அவர் எண்ணம். வந்தபின், இலக்கணமும் செய்யுளும் இலக்கிய வரலாறும் எதிர்நிற்கக் கண்டு திகைக்கின்றனர். எனவே, இப்பொழுது என் பாடத்துக்கு வர விரும்புவோனையும் இரண்டு கிழமை வகுப்பின் பின்வரிசையிலே இருந்து கேட்கச் செய்கின்றேன். அதன் பின்னும் வர விரும்பினாலே ஏற்பது.

4. காலமறிதல்

தகுந்த காரணம் இருந்தாலும், காலம் கடந்தால் அக்காரணம் பயன்படாது. முதற்றவணையிலே பாடம் மாறுவோன் இழப்பது சில அலகுகள்; விடுமுறையிலே அவற்றை ஈடுசெய்யலாம். பதின்மூன்றாம் வகுப்பின் நடுவிலே மாறுவோன் இரண்டாண்டுப் பாடத்தைச் சில மாதங்களில் முடிக்க வேண்டியவனாவான். அவன் உண்மையிலே பாடம் மாற்றவில்லை. பரீட்சையை ஓராண்டு தள்ளி வைக்கின்றான். அதனையும் ஒருவன் தெரிந்து செய்யலாம். ஆனால், அதற்கு அப்பெயரையே இடவேண்டும்; வீட்டாரிடமும் அப்பெயராலேயே கூறவேண்டும்.

காலத்தை மாதங்களால் எண்ணாது கற்பித்தற் கிழமைகளால் எண்ணுதல் நன்று. முன்னாளில் உயர்தரப் பரீட்சை ஆகஸ்ட் மாதத்திலே வருதல் வழக்கம். பெருந்தொற்றின் பின் அவ்வொழுங்கு குலைந்தது. 2021 ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2022 பெப்ரவரியிலே தொடங்கியது. 2022 ஆம் ஆண்டுக்குரியது 2023 சனவரியிலே தொடங்கியது. ஆகவே, தமையன் எழுதிய மாதத்தை வைத்துத் தம்பி கணக்கிடுதல் பிழை. தன் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட நாளை வைத்து, அதிலிருந்து விடுமுறைகளையும் கல்லூரி விழாக்களையும் விளையாட்டுப் போட்டிகளையும் கழித்து, எஞ்சும் கிழமைகளை எண்ணுக. எஞ்சும் அலகுகளையும் எண்ணுக. கிழமைக்கு எத்தனை அலகு என்பது தெரிந்தவுடன், பாதி ஐயம் தானே தீரும்.

பரீட்சைக்கு மூன்று முறை தோற்றலாம் என்னும் விதியைச் சிலர் ஆறுதலாகக் கொள்கின்றனர். அஃது ஆறுதலன்று, சேமிப்பு. சேமிப்பை முதல் நாளே செலவுக் கணக்கில் எழுதுவோன் சிக்கனக்காரன் ஆகான்.

காலமறிதலுக்கு மற்றொரு பொருளும் உண்டு. புள்ளி அட்டை கையில் வந்த நாளிலும், தந்தையார் கோபித்த இரவிலும், நண்பன் ஒருவன் பிரிவு மாறிய மறுநாளிலும் முடிவு செய்தலாகாது. அன்று தீர்மானிப்பது அறிவன்று, துயரம். யான் முற்கூறிய மூன்று கிழமைச் சோதனைக்கு இதுவும் ஒரு நோக்கம். சினமும் நாணமும் அடங்குதற்கு அஃது அவகாசம் தருகின்றது.

பல்கலைக்கழகத்திலே பயிலும் நம் பழைய மாணவர்க்கும் ஒரு சொல். அங்கே தவணைக்கு மாறாக அரையாண்டு முறை உள்ளது. விருப்பப் பாடங்களைச் சேர்த்தற்கும் நீக்குதற்கும் அரையாண்டின் தொடக்கத்திலே நாள் குறித்திருப்பர். அந்நாள் கடந்தபின், நீக்காத பாடம் பரீட்சையிலும் பெறுபேற்றுத் தாளிலும் வந்து நிற்கும். வகுப்புக்குச் செல்லாது விடுதல் பாடத்தை நீக்குதல் ஆகாது. பதிவேட்டிலே நீக்கினாலன்றி நீக்கம் இல்லை. இதனை அறியாது துன்புற்ற இளைஞர் சிலரை யான் கண்டிருக்கின்றேன்.

5. இடனறிதல்

நான்காவது, காலூன்றி நிற்கும் இடத்தை அறிதல். மாறிச் செல்லும் பாடத்துக்கு நம் கல்லூரியிலே ஆசிரியர் உளரா? நேர அட்டவணையிலே மற்றை இரு பாடங்களோடு அது மோதாதிருக்குமா? செய்முறைக்கு ஆய்வுகூடம் உண்டா? நூல்கள் தமிழிலே கிடைக்குமா? 2013 ஆம் ஆண்டிலே உயர்தரத்துக்குத் தொழினுட்பப் பிரிவு புதிதாகச் சேர்க்கப்பட்டது. 2015 ஆம் ஆண்டிலே முதன்முதலாக அப்பிரிவினர் பரீட்சை எழுதினர். விஞ்ஞான அறிவும் கைத்திறனும் ஒருங்கு விரும்புவோர்க்கு அது நல்ல இடமே. எனினும், எல்லாப் பாடசாலைகளிலும் அது கிடைப்பதில்லை. கிடைக்காத பிரிவை விரும்பிப் பாடசாலையே மாற நேர்வோர், பேருந்துச் செலவையும் விடுதிச் செலவையும், அறிந்த ஆசிரியரைப் பிரிதலையும் சேர்த்துக் கணக்கிடல் வேண்டும்.

இடம் என்பதற்கு அகப்பொருளும் உண்டு. ஒருவன் ஒன்றை விட்டு ஓடுகின்றானா, ஒன்றை நோக்கிச் செல்கின்றானா? இரண்டும் ஒரே வாயிலால் வெளியேறுதல் போலத் தோன்றும், ஆனால் ஒன்றன்று. ஓடுவோனைக் கேட்டால், விட்ட பாடத்தைப் பற்றியே பேசுவான். செல்வோன், போய்ச் சேரும் பாடத்தைப் பற்றிப் பேசுவான். முன்னர்க் கூறிய இரு மாணவரையும் யான் அன்று இவ்வொரு வினாவைக் கேட்டிருந்தாற் போதும். ஒருவன் கரும்பலகையைப் பற்றிச் சொல்லியிருப்பான்; மற்றவன் கடைக் கணக்கைப் பற்றிச் சொல்லியிருப்பான்.

விபுலாநந்த அடிகளாரை நோக்குக. காரைதீவிலே தோன்றிய அவர் விஞ்ஞானம் பயின்றவர்; இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி; யாழ்ப்பாணத்திலே விஞ்ஞானம் கற்பித்தவர். 1916 ஆம் ஆண்டிலே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டித பரீட்சையிலும் சித்தியெய்தினார். 1931 ஆம் ஆண்டிலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 ஆம் ஆண்டிலே இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர் பதவியை ஏற்றார். விஞ்ஞானத்தினின்றும் தமிழுக்கு வந்தவர் என்று இதனை நாம் சொல்லுகின்றோம். ஆனால், அவர் விஞ்ஞானத்தை விட்டு ஓடியவரல்லர். அதனை முடித்து, கையிலே கொண்டு வந்தவர். 1947 ஆம் ஆண்டிலே அரங்கேறிய யாழ் நூலிலே சுரங்களின் அளவைக் கணித முறையால் நுணுகி ஆராய்ந்தவர் அவ்விஞ்ஞானியேயன்றோ! பாடம் மாறினும், கற்றது வீண்போகாதவாறு மாறலாம் என்பதற்கு இதனிற் சிறந்த சான்று நமக்கு வேண்டுவதில்லை.

6. பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம்

1825 ஆம் ஆண்டிலே எடின்பரோவுக்கு மருத்துவம் பயிலச் சென்றான் ஓர் இளைஞன். தந்தையும் மருத்துவர், பாட்டனும் மருத்துவர். மயக்க மருந்து வழக்கிற்கு வராத அக்காலத்துச் சத்திர சிகிச்சையைக் கண்ட அவன் உள்ளம் பொறுக்கவில்லை. இரண்டாண்டிலே அப்படிப்பை விட்டான். தந்தையார் மனம் வருந்தினார். ஆயினும், அவனைக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். அங்கே பட்டம் பெற்று, 1831 ஆம் ஆண்டிலே பீகிள் என்னும் கப்பலில் ஏறிய அவ்விளைஞனே சாள்ஸ் டார்வின். மகன் ஒன்றை விட்டான் என்பதற்காகத் தந்தை அவனைக் கைவிடவில்லை என்பது நாம் கருத்திற் கொள்ளத்தக்கது.

பிள்ளை பாடத்தை விடலாமா என்று கேட்கும்பொழுது, ஊர் என்ன சொல்லும் என்பது முதல் வினாவாக எழுதலாகாது. "எதனாலே?" என்பதே முதல் வினாவாகுக. அவ்வினாவைக் கேட்டபின், அவன் பேசி முடிக்குமளவும் பொறுத்திருத்தல் வேண்டும். யான் அதனைச் செய்யத் தவறியமையாலேதான் ஒரு மாணவனின் ஆண்டுகள் வீணாயின.

7. எழுதிப் பார்க்கும் வினாக்கள்

மாணாக்கர் பின்வரும் வினாக்களுக்கு ஒரு தாளிலே விடை எழுதுக. நினைத்தல் போதாது, எழுதுதல் வேண்டும்.

(1) இப்பாடத்தை விட விரும்புதற்குரிய காரணத்தை ஒரே வாக்கியத்திற் கூறுக.
(2) அக்காரணம் பாடத்தைச் சார்ந்ததா, உன் உடல்நலம், வீடு, பழக்கம் ஆகியவற்றைச் சார்ந்ததா?
(3) மாற்றத்தினால் அடைபடும் கற்கைநெறிகள் எவை? திறந்திருப்பன எவை?
(4) மூன்று கிழமைச் சோதனையின் முன்னும் பின்னும் நீ பெற்ற புள்ளிகள் எவை?
(5) பரீட்சைக்கு எஞ்சிய கற்பித்தற் கிழமைகள் எத்தனை? புதிய பாடத்தின் அலகுகள் எத்தனை?
(6) புதிய பாடத்தின் வகுப்பிலே இருந்து கேட்டாயா? அதிலே உனக்கு அரிதாகத் தோன்றியது யாது?
(7) விரும்பப்படும் பாடத்தைப் பற்றி, விடப்படும் பாடத்தைக் குறிப்பிடாமற் பத்து வரி எழுதுக.

ஏழாவது வினாவுக்கு விடை எழுத முடியாதவன் இன்னும் சிறிது காலம் பொறுத்தல் நன்று.

முடிவுரை

சென்ற ஆண்டிலே ஒரு மாணவன் இத்தாளை நிரப்பிக்கொண்டு வந்தான். உயிரியற் பிரிவினின்றும் தொழினுட்பப் பிரிவுக்கு மாற விரும்பினான். சோதனையின் பின் அவன் இரசாயனவியற் புள்ளி ஏறியிருந்தது. ஆகவே, அவன் இயலாமையால் மாறவில்லை என்பது தெளிவாயிற்று. ஏழாவது வினாவுக்குப் பத்து வரி கேட்டேன். பயிர்களைப் பற்றியும் நீர்ப்பாசன இயந்திரங்களைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். தந்தையார் தோட்டஞ் செய்பவர். அவரும் வந்து அத்தாளைப் படித்தார். நெடுநேரம் பேசாதிருந்து, "அவன் யோசிச்சுத்தான் கேக்கிறான், மாஸ்டர்" என்று சொல்லிக் கையொப்பமிட்டார். முதற்றவணை முடியுமுன்னே அவன் மாறினான். அவன் பரீட்சை இனித்தான் வரவிருக்கின்றது. பெறுபேறு எவ்வாறு அமையும் என்பதை யான் அறியேன். ஆனால், எதனை விட்டான், எதனை ஏற்றான், ஏன் என்பதை எவர் கேட்பினும் அவன் தலைநிமிர்ந்து சொல்லுவான். முற்கூறிய இருவருக்கும் யான் செய்யத் தவறியதை இவனுக்குச் செய்தேன் என்னும் ஆறுதல் எனக்கு உண்டு.

ஆராய்ந்து தெளிதற்குரிய நான்கு அதிகாரங்களையும் முன்வைத்த திருவள்ளுவர், ஆள்வினையுடைமையை 62 ஆம் அதிகாரமாகப் பின்னே வைத்தார். ஆராய்ச்சி முன், முயற்சி பின். தெளிந்து நின்றவனும் முயலவேண்டும். தெளிந்து மாறியவனும் முயலவேண்டும். முயற்சியினின்றும் விடுதலை தரும் பாடம் எப்பிரிவிலும் இல்லை.

விழாக் காணும் நம் கல்லூரித் தாய், தன் மக்களுள் ஒரே வழியிற் சென்றோரையும், இடையிலே வழி மாறிச் சென்றோரையும் ஒருங்கே வாழ்த்துகின்றாள். அடுத்த தவணையிலே ஆசிரியர் அறை வாயிலில் வந்து நிற்கப்போகும் மாணாக்கனே, தயங்காது உள்ளே வா. விடை கூறுமுன் உன்னைக் கேட்க ஆயத்தமாய் உள்ளோம்.

கல்லூரி வாழ்க! கற்போர் வாழ்க!